சிவப்புத் தடிகளுக்கு அப்பால் ஓடிய கார்

நாயாற்றுப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தபோது அவரைச் சந்தித்தேன். நரைத்த தாடி, மடித்துக் கட்டிய சாரம், கையில் ரிமோட். ஆபத்து எல்லையைக் காட்ட நாங்கள் நட்ட சிவப்புத் தடிகளுக்கு வெளியே நின்று, துப்பரவாக்காத காணிக்குள் பழைய விளையாட்டுக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் முதுகில் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது.

"ஐயா, நிப்பாட்டுங்கோ! வெடிச்சிடும்!"

"வெடிக்காது பிள்ளை. ஒரு கோழியின்ரை பாரம்தான்."

மணலுக்கென்றே செய்த கார் அது என்றார். பின்சில்லுகளில் மணலைப் பிறாண்டும் ரப்பர் முட்கள், திரும்புவதற்கு ஒடுங்கிய முன்சில்லுகள். மோட்டரும் கியரும் மணல் புகாத பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொரு சில்லுக்கும் தனி ஸ்பிரிங் என்பதால், சில்லுகள் துள்ளியும் பூ விழவில்லை. பற்றை மூடிய பள்ளமொன்றின் விளிம்பில் காரைச் சட்டென்று நிறுத்தினார். பூ சறுக்கி உள்ளே விழுந்தது.

"அதுக்கை என்ன ஐயா?"

"எங்கடை பங்கர். சண்டை நேரம் செல் குண்டு விழுந்து மூடேக்கை மகள் உள்ளுக்கை இருந்தவள்."

"கொஞ்ச நாளிலை அந்த இடத்துக்கு வந்திடுவம். பிறகு நீங்கள் நடந்தே போகலாம்" என்றேன்.

அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "கெதியா வராதேங்கோ பிள்ளை. துப்பரவாக்கித் தந்தால் நான் தோண்டவெல்லோ வேணும்."

மறுநாள், ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறாய் என்று எங்கள் மேற்பார்வையாளர் கேட்டார். மண்ணுக்குள் வேர்கள் அதிகம் என்று சொன்னேன். அது அந்த ஐயாவுக்கு உதவியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.