மீன் வராத வளவு

லூர்த்தம்மா வட்டுக்கோட்டைக்கு முதன்முதலில் வந்தது மீன் விற்பதற்காக. குருநகர்க் கரையில் கணவன் யாகோப்பு வள்ளத்திலிருந்து இறக்கும் மீனில் நல்லதாகப் பொறுக்கிக் கடகத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். சந்தியிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் மீனாம்பிகை ரீச்சரின் வீடு. அங்கே ஏமாற்ற முடியாது. செவுளைத் தூக்கிப் பார்க்கமாட்டார். மீனின் கண்ணைப் பார்த்தே "இது நேற்றையான்" என்று சொல்லிவிடுவார். விளைமீன் என்றால் குழம்பு, சுறாக்குட்டி என்றால் வறை, சூடை என்றால் பொரியல். புருசன் இல்லாத வீடு, ஒரே மகன் கொழும்பில். ஆனாலும் ரீச்சருக்கு வெள்ளிக்கிழமை தவிர மீன் இல்லாமல் சோறு இறங்காது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த மகன் இராசநாயகம் அகதிக் கப்பலில் வந்து சேர்ந்தான். கொண்டுவந்தது ஒரு தோள்பையும் கொழும்புச் சாப்பாட்டுப் பழக்கமும்தான். காலையில் பிட்டு வேண்டாம், பாண் வேண்டும். இரவில் நூடில்ஸ். ரின்னில் அடைத்த மீனை வெங்காயத்தோடு பிரட்டி வைத்தால் கோப்பையை வழித்துச் சாப்பிடுவான். அடுத்த வருசமே குசினிக்குள் காஸ் அடுப்பும் வந்துவிட்டது. லூர்த்தம்மாவுக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை.

"தம்பி, உயிர்மீன் படலையிலை வந்து நிக்குது. நீங்கள் செத்து எத்தினை வருசமோ தெரியாத மீனைத் தின்னிறியள்."

"உதிலை முள்ளில்லை, அக்கா."

"முள்ளில்லாட்டி அது மீனோ?"

ரீச்சரும் சேர்ந்து சிரித்தார். அது நல்ல காலம் என்று அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு இராசநாயகத்துக்கு வவுனியாவில் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போனான். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது பாதை பூட்டப்பட்டது. அவன் வரவில்லை. கடிதமும் இல்லை. வவுனியாவில் பிடிபட்டவர்கள், காணாமற் போனவர்கள் என்று கதைகள் மட்டும் வந்தன. ரீச்சர் ஒழுங்கை முடக்கிலிருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தார். மகன் திரும்பி வந்து வீட்டுப் படியில் கால் வைக்கும்வரை இந்த வளவின் வேலிக்குள் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் வராது. அவர் வாயிலும் படாது.

அதே நாட்களில் குருநகரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் வீட்டுச் சுவர் யாகோப்புவின் மேல் சரிந்தது. உயிர் தப்பினார், இடுப்பு தப்பவில்லை. வள்ளம் கரையிலேயே எரிந்து போனது. பிள்ளைகள் இல்லாத அவர்களுக்குப் போக ஒரு இடமும் தெரியவில்லை. லூர்த்தம்மாவுக்கு ஞாபகம் வந்த ஒரே படலை ரீச்சரின் படலை. கணவனைத் தள்ளுவண்டிலில் கிடத்திக்கொண்டு அங்கே போய் நின்றாள்.

ரீச்சர் வண்டிலைப் பார்த்தார். பின்வளவில் இருந்த மாட்டுக்கொட்டிலைக் காட்டினார்.

"மாடு இல்லை இப்ப. கூட்டிப்போட்டு இருங்கோ. ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். இந்த வளவுக்கை மீன் வரக்கூடாது. மணமும் வரக்கூடாது. என்ரை பிள்ளையின்ரை உயிர் அது."

"வராது ரீச்சர்," என்றாள் லூர்த்தம்மா. அந்த நேரம் அவளுக்குக் கூரைதான் முக்கியம்.

இரண்டு மாதம் என்று நினைத்து வந்தவர்கள். நகரத்துக் கோட்டையில் நடந்த சண்டை முடிந்தும் குருநகருக்குத் திரும்ப முடியவில்லை. எதிரே ஆமி நின்ற மண்டைதீவிலிருந்து ஷெல் வந்துகொண்டேயிருந்தது. மின்சாரம் நின்றது. காஸ் சிலிண்டர் தீர்ந்ததும் ரீச்சர் அடுப்பைத் துணியால் மூடிவிட்டு, பாளையும் பனங்கொட்டை ஊமலும் வைத்து எரிக்கத் தொடங்கினார். பாண் எப்போதாவதுதான். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். ஒடியல்மாப் பிட்டும் குரக்கன் ரொட்டியும் திரும்பி வந்தன. ஊரெல்லாம் அதைச் சலித்துக்கொண்டு சாப்பிட்டது. லூர்த்தம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவளுடைய குறை கொட்டிலுக்குள் படுத்திருந்தது.

யாகோப்பு பத்து வயதிலிருந்து கடலில் நின்ற மனிதர். இப்போது கூரையின் கிடுகைப் பார்த்தபடி கிடந்தார். வெந்தயமும் மிளகும் போட்டு, பழப்புளி விட்டு, வாழைக்காயை மீன்துண்டு மாதிரிச் சரித்து வெட்டிக் குழம்பு வைத்தாள். நிவாரணக் கடையில் கிடைத்த சோயாமீற்றிலும் வைத்துப் பார்த்தாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினார்.

"ஆரை ஏமாத்திறாய்?"

"என்ன செய்யச் சொல்லிறியள்? வாக்குக் குடுத்திட்டன்."

"வாக்கைத் தின்னட்டோ?"

அவள் அந்தக் குழம்பைத் தானே சாப்பிட்டாள்.

தொண்ணூற்று இரண்டில் ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலிக்கு அப்பால் பனங்காணி, அது ரீச்சரின் வளவு இல்லை. கிழமையில் ஒருநாள் அராலிக் கரைக்கு நடந்துபோய் நாலு மணலையோ சூடையோ வாங்கி வருவாள். பனைகளுக்கு நடுவே மூன்று கல் வைத்துக் காய்ச்சி, யாகோப்புவை வண்டிலில் தள்ளிக்கொண்டுபோய் அங்கேயே வைத்துச் சாப்பிடக் கொடுப்பாள். முதல்நாள் அவர் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வண்டில் விளிம்பில் அடுக்கினார். அவர் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள்.

திரும்பி வரும்போது படலையடியில் ஒரு வாளி தண்ணீர் இருந்தது. ரீச்சர் தள்ளி நின்றார்.

"கையைக் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ." கொஞ்சம் பொறுத்து, "மணலையோ?" என்று கேட்டார்.

"ஓம் ரீச்சர்."

ரீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முந்தானைக்கு மேலே அந்தக் கண்களில் தெரிந்த ஏக்கத்தைக் கண்டதால் லூர்த்தம்மாவுக்குக் கோபப்பட முடியவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கெட்ட மனுசியாய் இருந்தால் சண்டை பிடித்துவிட்டுப் போகலாம்.

அந்த வழியும் நாலு மாதம்தான். பனங்காணிக்கு மேலே ஹெலி ஒன்று தாழ்ந்து சுற்றிச் சுட்டது. பனை மட்டைகள் முறிந்து விழுந்தன. அவள் யாகோப்புவின் மேல் கவிழ்ந்து படுத்துக் கிடந்தாள். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஒழுங்கையே திரண்டு வந்தது. முன்வீட்டுக் கனகலிங்கம்தான் கதைத்தார்.

"பிள்ளை, உன்ரை புகையைக் கண்டுதான் அவன் சுத்தினவன். எங்களுக்கும் பெண்சாதி பிள்ளையள் இருக்கு."

அதோடு பனங்காணி அடுப்பு நின்றது. அதன் பிறகு யாகோப்பு கேட்கவும் இல்லை. தந்ததைத் தின்றார், தராவிட்டால் விட்டார். மெலிந்துகொண்டு போனார்.

தொண்ணூற்று ஐந்து தையில் பேச்சுவார்த்தை தொடங்கிச் சண்டை ஓய்ந்தது. சீனி வந்தது, சவர்க்காரம் வந்தது, பேக்கரியில் பாண் மணந்தது. மாசியில் ரீச்சருக்கு ஒரு கடிதம் வந்தது. ரீச்சர் கொட்டில் வாசலுக்கு ஓடிவந்தார். அவர் ஓடி லூர்த்தம்மா பார்த்ததேயில்லை.

"உயிரோடை இருக்கிறான், லூர்த்து! என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான்!"

வாசித்துக் காட்டினார். இரண்டு வருசம் சிறையில் இருந்தானாம். வெளியே வந்து, ஆரோ ஏஜென்சிக்காரனைப் பிடித்துச் சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தானாம். இடையில் போட்ட கடிதங்கள் வந்து சேரவில்லை போலும். இப்போது ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. காலையில் மீன் வெட்டிக் கழுவிக் கொடுக்கவேண்டும். இனி இந்தப் பக்கம் வர இயலாது, அம்மாவைத்தான் பிறகு கூப்பிடப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தான்.

லூர்த்தம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையாகவே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ரீச்சர், நேர்த்தி...?"

ரீச்சர் கடிதத்தை மடித்தார். வெகுநேரம் மடித்தார்.

"வந்து படியிலை கால் வைக்குமட்டும் எண்டுதான் சொன்னனான்."

"அவர் வரமாட்டார் எண்டு எழுதியிருக்கே."

"எனக்குத் தெரியும்."

"அங்கை மீன் வெட்டிறாராம், ரீச்சர்!"

"லூர்த்து, என்னைக் குழப்பாதை. நான் வாயாலை சொன்னது. பிள்ளையார் அவனைக் காப்பாத்திப்போட்டார். இனி நான் பிசகினால் அவனுக்கு அங்கை என்ன நடக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"என்ரை மனுசன் செத்துக்கொண்டிருக்கு."

ரீச்சர் கடிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பங்குனி முதற்கிழமை லூர்த்தம்மா யாகோப்புவை வண்டிலில் ஏற்றிக்கொண்டு குருநகருக்குப் புறப்பட்டாள். ரீச்சர் படலைவரை வந்து ஒரு சுண்டு அரிசியை வண்டிலில் வைத்தார். போய்வாறன் என்று லூர்த்தம்மா சொல்லவில்லை.

வீட்டுக்குக் கூரை இல்லை. இரண்டு சுவரும் ஒரு பூவரசும் நின்றன. தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே அடுப்பு மூட்டினாள். பக்கத்து வள்ளக்காரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு கை மீன் போட்டார்கள். திருக்கைச் சரக்குக்கறி, நண்டுக் குழம்பு, சூடைச் சொதி என்று மாறி மாறிக் காய்ச்சினாள். யாகோப்பு முதல் நாட்களில் ஆசையாகச் சாப்பிட்டார். பிறகு சொதியை மட்டும் உறிஞ்சினார். வயிறு சுருங்கிவிட்டது. குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், சுடச்சுடச் சொதியோடு அவள் வந்தபோது அவர் இல்லை. கோயிலடிச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த கிழமை சண்டை திரும்பவும் தொடங்கியது. மண்டைதீவிலிருந்து ஷெல் விழுந்தது. பூவரசு முறிந்தது. அயலவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். லூர்த்தம்மா இரண்டு நாள் அந்தச் சுவர்களுக்கிடையில் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு சட்டியையும் உடுப்பு மூட்டையையும் எடுத்துக்கொண்டு வட்டுக்கோட்டைக்கு நடந்தாள்.

ரீச்சர் படலையைத் திறந்தார்.

"யாகோப்பு எங்கை?"

லூர்த்தம்மா தலையை ஆட்டினாள். ரீச்சருக்கு விளங்கியது. பின்வளவுக்குத் திரும்பியவளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொட்டிலிலை தனிய அடுப்பு மூட்டவேண்டாம். குசினிக்கு வா. இனி இரண்டு பேருக்கும் ஒரு உலைதான்."

ஐந்து வருசத்தில், சாதி பார்க்கிற அந்தக் குசினி வாசலை அவள் தாண்டியதில்லை. ரீச்சர் எவ்வளவு பெரிய காரியத்தைச் சொல்லுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போனாள். கறுத்த சுவர், ஒரு சின்ன யன்னல், கழுவிக் கவிழ்த்த பானைகள். வேறு போகிற இடம் இல்லை.

"என்ன சமைப்பம்?" என்று ரீச்சர் மெல்லக் கேட்டார். "உனக்கு விருப்பமானதைச் சொல்லு."

லூர்த்தம்மா யோசித்துப் பார்த்தாள். விருப்பம் என்று ஒன்றும் மனதுக்கு வரவில்லை.

"நீங்கள் சொல்லுங்கோ, ரீச்சர்," என்றாள். சுளகை எடுத்து அரிசி கொழிக்கத் தொடங்கினாள்.