புகை தெரியாத வீடு

இரண்டு தாள்கள் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பிக்கு அடியில் கிடந்தன. ஒன்றில் விறகுக் கணப்பின் படம், மற்றதில் கேஸ் கணப்பின் படம். இரண்டிலும் ஒரே குடும்பம், ஒரே நாய், நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. தைமி காலையில் காபி குடிக்கும்போது ஒரு தாளை மேலே வைப்பாள். சாயங்காலம் மற்றதை எடுத்து மேலே வைப்பாள்.

பழைய கணப்பு இனி ஆகாது என்பதில் அவளுக்கே சந்தேகமில்லை. இரும்புக் கதவு கோணிப்போய், இழுத்து மூடினாலும் விரலளவு இடைவெளி விட்டது. அறைக்குள் புகை கசிந்தது. கணவர் ரெய்னோ இருந்தவரை சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஒப்பேற்றுவார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. சுத்தியல் அதே ஆணியில்தான் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிரீன் பே நகரத்திலிருந்து மகள் ஹைடி கூப்பிடுவாள்.

“என்னம்மா, முடிவு பண்ணியா?”

“பாத்துட்டிருக்கேன்.”

“பாக்க என்ன இருக்கு? மாப்பிள்ளையா தேடறோம்? கேஸ்னா ஒரு பட்டன். விறகுன்னா மறுபடி நீ அந்தக் கொட்டகைக்கு நடக்கணும், பனிக்கட்டியில வழுக்கணும். இன்னொரு தோள் மிச்சம் இருக்குன்னு அதையும் ஒடைச்சுக்கப் போறியா?”

“ரெண்டுலயும் நல்லது இருக்கு.”

“விறகுல என்ன நல்லது இருக்கு, சொல்லு.”

தைமி மேலே இருந்த தாளை எடுத்து அடியில் வைத்தாள். சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், சொல்லாமல் மறைத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும்.

அவள் எப்போதுமே வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள், பின்னால் அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். பரிமாறும் பலகைக்கும் மேலே இருந்த, ஆவி படிந்த கண்ணாடித் தடுப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே பிள்ளைகளின் முகம் தெரியாது, கைதான் தெரியும். எந்தக் கையுறையில் எந்த விரல் கிழிந்திருக்கிறது, எந்தக் கை இரண்டு நாளாகக் கழுவப்படவில்லை, எது இன்றைக்கு நடுங்குகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. நடுங்குகிற கைக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஊரெல்லாம் இருக்கிறார்கள். கடையில் எதிரே வந்தால் அவளை அடையாளம் தெரியாமல் கடந்து போகிறார்கள். அவள் அவர்கள் கைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

அவள் மறைத்தது மார்ச் மாதத்தில் நடந்தது. அன்று காலை ஆறு மணிக்கு விறகு எடுக்கப் போனவள் கொட்டகை வாசலில் சறுக்கி விழுந்தாள். வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது. எழ முடியவில்லை. கத்தினால் கேட்கிற தூரத்தில் யாரும் கிடையாது. புல்வெளிக்கு அந்தப் பக்கம் அரை மைலில் வைனோவின் வீடு மட்டும். பனியில் மல்லாந்து கிடந்தபடி அவர் வீட்டுப் புகை நேராக மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு பனிவண்டிச் சத்தம் கேட்டது. வைனோ இறங்கி வந்து அவளைப் பார்த்துச் சொன்னது இரண்டே வார்த்தை.

“புகை வரல.”

அவர்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஹைடியிடம் தைமி, “பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ வேலையா வந்தாரு” என்று சொல்லிவைத்தாள். ஒன்றரை மணி நேரம் என்று தெரிந்தால் மகள் மறுநாளே லாரி கொண்டுவந்து வீட்டைக் காலி செய்துவிடுவாள்.

மகள் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு மே மாதம் திரும்பியபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருஷமாகக் காலையில் எழுந்ததும் வைனோ வீட்டுப் புகையைப் பார்த்த பிறகுதான் அவள் காபியில் வாய் வைப்பாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை. அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறார். இந்த உலகத்தில் அவள் விடிந்து எழுந்தாளா என்று பார்க்கிற ஒரு ஆள் இருந்திருக்கிறார். விறகை விட்டால் அந்த ஒரு ஆளும் போய்விடுவார்.

இதை ஹைடியிடம் எப்படிச் சொல்வது? வைனோவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மானால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வைனோ இரண்டு நாள் தடம் பார்த்துத் தொடர்ந்துபோன கலைமானை ரெய்னோவும் சுட்டார். என் குண்டுதான் முதலில் பட்டது என்று இருவருமே சொன்னார்கள். கொம்பு ரெய்னோ வீட்டுக் கணப்புக்கு மேலே ஏறியது. அதுவரை சனிக்கிழமைதோறும் இவர்கள் வீட்டுச் சவுனாவில் ஆவிக் குளியலுக்குத் துண்டோடு வந்துகொண்டிருந்த வைனோ அதோடு நின்றுவிட்டார். ரெய்னோவின் சாவுக்கு வந்தார். கடைசி வரிசையில் நின்றார், கேக் தின்றார், போனார். வெந்த கல்லும் ஆவியுமாக இருந்த அந்தக் குளியல் குடிலை தைமியும் மூடிவிட்டாள். ஒரு ஆளுக்காக அத்தனை கல்லைக் காய்ச்ச அவளுக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் முதல் வாரம் நகரத்துக் கடைக்குப் போனாள். கர்டிஸ் என்ற விற்பனையாள் இரண்டையும் எரியவிட்டுக் காட்டினான்.

“இது புது மாதிரி விறகுக் கணப்பும்மா. கதவு காத்துப் புகாம மூடிக்கும். பாதி விறகு போதும். ஆனா பாதி விறகையும் நீங்கதான் தூக்கணும்.” அவள் இடது கையால் கதவுப் பிடியைத் திருப்புவதைப் பார்த்திருக்கிறான். “இது கேஸ். கரண்ட் போனாலும் எரியும். சாம்பல் கிடையாது, புகை கிடையாது.”

“கொஞ்சம்கூடவா?”

“சுத்தமா கிடையாது. பின்சுவர் வழியா ஒரு சின்னக் குழாய் போகும். பக்கத்துல நின்னு பாத்தாதான் லேசா ஆவி தெரியும்.”

பெருமையாகத்தான் சொன்னான். தைமி விறகுக் கணப்புக்கு முன்னால் குனிந்து, அங்கே கிடந்த ஒரு மேப்பிள் கட்டையை வலது கையால் தூக்கப் பார்த்தாள். முழங்கால் உயரம் வந்ததும் தோள் விட்டுவிட்டது. கட்டை தரையில் விழுந்து உருண்டது. கர்டிஸ் அதைப் பார்க்காததுபோல எடுத்து ஓரமாக வைத்தான்.

கேஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஏலக்காய் போட்ட ரொட்டி பின்னிச் சுட்டு, துணியில் சுற்றிக்கொண்டு வைனோ வீட்டுக்கு நடந்தாள். விஷயத்தைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். வைனோ வாசலில் ரம்பத்துக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

“ரொட்டி.”

“ம். நல்லாருக்கா தோள்?”

“இருக்கு. இந்த வருஷம் பனி சீக்கிரம் வருமாம்.”

“வரட்டும். வராம எங்க போகும்.”

வாய் வரை வந்துவிட்டது. ஆனால் என்னவென்று தொடங்குவது? நீங்க என் வீட்டுப் புகையைப் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியும் என்றா? எழுபது வயதுக்காரி எழுபத்துநாலு வயதுக்காரரிடம் சொல்கிற பேச்சா அது? ரொட்டித் துணியை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள்.

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் வெள்ளை கேஸ் டாங்க் நின்றது. புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடினார்கள். சூடு படும் என்று மான்கொம்பைக் கழற்றி பெஞ்சில் வைத்தார்கள். போகும்போது ஒருவன் பட்டனை அழுத்திக் காட்டினான். விறகுபோலச் செய்த களிமண் கட்டைகளைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகத் தீ எழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவள் பட்டனை அழுத்தினாள். வேறு வேலை இருக்கவில்லை. விறகு நெருப்பு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கட்டை போடு, கிளறு, கதவைத் திற, சாம்பலை அள்ளு என்று நாள் முழுக்க ஏவும். இதற்கு அவள் தேவையே இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வைனோவின் புகை எழுந்தது. இவள் கூரைக்கு மேலே ஒன்றும் இல்லை. ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. செய்வது சரியில்லை என்று தெரிந்தது. ஒரு மனுஷனை வேண்டுமென்றே பயமுறுத்திப் பார்ப்பதுபோல இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை. வந்தால் கொடுக்க இரண்டாவது கோப்பையை எடுத்துவைத்திருந்தாள்.

பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. அவர் வரவில்லை. கோப்பையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

சனி வரவில்லை. ஞாயிறு ஹைடி கூப்பிட்டு, “கதகதன்னு இருக்கா?” என்றாள். இருக்கு என்றாள். அது பொய்யில்லை. திங்களும் போயிற்று. அப்படியானால் மார்ச்சில் அவர் வந்தது தற்செயல்தானா? மகளிடம் சொன்ன பொய்யே உண்மையாகிவிட்டதா? இவளாகத்தான் ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு இத்தனை மாதம் அதற்குள் குடியிருந்தாளா? அந்த நினைப்பு வந்தபோதுதான், ரெய்னோ செத்த அன்றுகூட இவ்வளவு ஆளில்லாமல் இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்து, இடது கையில் தூக்க முடிகிற சின்னக் கூடையில் சுள்ளிகளை நிரப்பிக்கொண்டு மூன்று நடை நடந்தாள். சவுனாவின் அடுப்பில் தீ மூட்டினாள். குளிக்க அல்ல, புகை எழ வேண்டும், அவ்வளவுதான். எட்டு மணிக்கு அந்தச் சின்னக் குழாயிலிருந்து வெள்ளையாக எழுந்து புல்வெளிப் பக்கம் சாய்ந்தது.

ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வைனோ நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் சுருட்டிய துண்டு, அதற்குள்ளிருந்து ஒரு சுத்தமான சட்டையின் கை நீட்டிக்கொண்டிருந்தது. தலை வாரியிருந்தார்.

“செவ்வாய்க்கிழமையிலயா?” என்றார்.

தைமிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் சவுனாவிலிருந்து புகை எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பார்த்தவர்கள் வரலாம். பத்தொன்பது வருஷம் கழித்து அழைப்பு வந்ததாக நினைத்து மாற்றுச் சட்டையோடு வந்திருக்கிறார்.

“உள்ள வாங்க. கல்லு இன்னும் காயல. காபி இருக்கு.”

அவர் காலணியைக் கழற்றிவிட்டு வந்தார். பெஞ்சில் கிடந்த கொம்பைப் பார்த்து நின்றார்.

“இதுதானா அது?”

“ஆமா.”

“சின்னதா இருக்கே. நான் பெருசுன்னு நெனச்சிட்டிருந்தேன்.” கணப்பைப் பார்த்தார். “கட்டை எரியவே மாட்டேங்குது.”

“அது களிமண்ணு.”

“சூடு வருது.”

“வருது.”

இரண்டு கோப்பையும் மேசைக்கு வந்தன. தைமி கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள், சர்க்கரையே போடாத காபியை.

“குளிக்கறதுக்காகப் போடல, வைனோ.”

“பின்னே?”

“புகை தெரியட்டும்னு போட்டேன். அஞ்சு நாளா இங்க புகை இல்ல. நீங்க வரல.”

அவர் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கேஸ் லாரி வந்தப்பவே பாத்தேன். டாங்க்கையும் பாத்தேன். சரி, இனிமே அந்தப் பக்கம் பாக்க ஒண்ணுமில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். வந்து என்னன்னு சொல்றது? புகை வரலேன்னா? இனிமே எப்பவும் வராதே.”

“ஆமா.”

“அதுக்காக தினம் சவுனா போடுவியா? தைமிக்கு அப்படி என்ன அழுக்குன்னு ஊர்ல கேப்பாங்க.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“கல்லு காஞ்சா வீணாக்கக் கூடாது” என்று சொல்லித் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையலறையில் நின்றபடி, கல்லில் தண்ணீர் விழுந்து சீறுவதை அவள் கேட்டாள். மூன்று முறை கேட்டது. முகம் சிவக்க, தலையிலிருந்து ஆவி பறக்க அவர் வெளியே வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்.

“உன் சமையலறை ஜன்னல் திரை என் வீட்லேருந்து தெரியும். காலையில ஏழு மணிக்கு அதைத் தூக்கு. ராத்திரி இறக்கு. இறக்கினாத்தான் தூக்கினது தெரியும்.”

“சரி.”

“தூக்கலேன்னா வருவேன்.”

அவர் போனபின் அவளும் குடிலுக்குள் போனாள். மேல்பலகையில் அவர் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, சூடு ஆறும்வரை இருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து ஏழு மணிக்குத் திரை ஏறியது. அவர் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தப் பக்கம் புகை எழுந்தது, அவ்வளவுதான். கணப்பு சத்தமில்லாமல் எரிந்தது. கொம்பு பெஞ்சிலேயே கிடந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு கயிற்றை இழுப்பது மட்டுமே அவளுடைய பேச்சாக இருந்தது.

நவம்பர் நடுவில் ஏரிப் பக்கமிருந்து பெரும் பனி வந்தது. விடிந்தபோது புல்வெளி இல்லை, வைனோ வீடு இல்லை, தன் வீட்டு டாங்க்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மட்டும் சுழன்றது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தெரிந்தும் ஏழு மணிக்குத் திரையைத் தூக்கினாள்.

ஏழு தாண்டி நாலு நிமிஷத்தில் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. எடுத்தாள்.

“தூக்கினியா?”

“தூக்கிட்டேன்.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

தைமி ரிசீவரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவர் எழுந்தாரா என்று தான் கேட்கவில்லையே என்று தோன்றியது. அப்புறம், அதுதான் தெரிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, ஆறத் தொடங்கியிருந்த காபியில் வாய் வைத்தாள்.