அக்கா தந்த தெளிந்த தண்ணீர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். மனிதரோடு மட்டுமல்ல, யந்திரங்களோடும் வரும். அன்று எங்கள் ஆய்வுகூடத்து லேசர் கருவியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

அது செய்வது இவ்வளவுதான். ஒரு சிறு கண்ணாடிக் கூட்டில் இருக்கும் தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சும். மிதக்கும் துகள்களில் பட்டு ஒளி சிதறும். பெரிய துகள் கொஞ்சமாக விலக்கும், பொடித் துகள் அகலமாகச் சிதறடிக்கும். அதைக் கொண்டு துகளின் அளவைச் சொல்லிவிடும். அளவு தெரிந்தால்தான் கிணற்றுக்கு எந்த வடிகட்டி பொருந்தும் என்று முடிவெடுக்கலாம்.

நெடுந்தீவில் ஓர் அக்காவின் கிணற்றுத் தண்ணீரில் ஒளி சிதறவே இல்லை. மழை பெய்தால் பாலாய் வெளுக்கும் கிணறு அது. போன முறை போனபோது கண்ணால் பார்த்து, மண்ணிறப் போத்தல் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். படகு திரும்புவதற்குள் எல்லா வீட்டுக்கும் ஓட ஏலாது என்பதால், இம்முறை முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து நிரப்பி வைக்கச் சொல்லி, போத்தலை மட்டும் வாங்கி வந்திருந்தேன். கூட்டை மூன்று தரம் கழுவினேன். அதே பதில். "தண்ணி நல்லாத்தானே இருக்கு, இந்தக் கிணத்தை வடிகட்டிப் பட்டியலில இருந்து எடுத்துவிடும்" என்றார் மேலதிகாரி. எடுத்துவிட்டால் அக்காவுக்கு வடிகட்டி கிடையாது.

அக்காவை அழைத்தேன்.

"போத்தலுக்குள்ள என்ன தண்ணி விட்டனீங்கள்?"

"எங்கட கிணத்துத் தண்ணிதான் தம்பி. ரெண்டு நாள் குடத்தில தெளிய வைச்சு, வெள்ளைத் துணியால வடிச்சு விட்டனான்."

"சோதிக்கத்தானே கேட்டனான்!"

"ஓம். யாழ்ப்பாணத்தில நாலு பேர் பாக்கப் போற தண்ணி. கலங்கலைக் குடுத்துவிடுறதே?"

கத்த வாய் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் என் அம்மாவும் பழைய கோப்பைகளை ஒளித்துவிட்டு அலுமாரியிலிருந்து நல்லதைத்தான் எடுப்பாள். வருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த நாளே படகேறினேன்.

கிணற்றிலிருந்து அள்ளியதை அப்படியே போத்தலில் ஊற்றும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைக் கையில் தராமல் கல்மதிலில் வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு சோடாப் போத்தலோடு வந்தார். "இது மெசினுக்கு இல்லை. வழியில நீர் குடியும். ஒரு நாள்தான் தெளிய வைக்க நேரம் கிடைச்சது."

ஆய்வுகூடத்தில் கலங்கல் தண்ணீரின் வரைபடம் திரையில் அழகான மேடாக எழுந்தது. பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். அக்காவின் கிணறு பட்டியலில் நின்றது.

சொல்வதற்கு அழைத்தேன். நல்லது என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு அக்கா கேட்டார்:

"மற்றப் போத்தலைக் குடிச்சனீரோ? மண் கிடந்ததே?"

"குடிச்சனான் அக்கா. ஒரு தூசி இல்லை."

"பாத்தீரோ!" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

அன்று திரும்பும் படகில் அந்தப் போத்தலின் அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு கிடந்தது. அதையும் குலுக்கிக் குடித்துவிட்டுத்தான் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கினேன்.