பிரிஸ்பேனில் பாம்பு, நெல்லிக்குப்பத்தில் சாவு

பிரிஸ்பேனில் விஷமே இல்லாத ஒரு மலைப்பாம்பு வேலியில் வெயில் காய்ந்தால் போதும், தெருவே காப்பிக் கோப்பையோடு கூடிவிடுகிறது. பிடிக்க வேனில் ஆள் வருகிறார், கைதட்டுகிறார்கள். உலகத்திலேயே கொடிய பாம்புகள் தன் நாட்டில்தான் என்று பக்கத்து வீட்டு கிரெக், அவற்றைத் தானே பெற்று வளர்த்தவர்போலப் பெருமையடிப்பார். அவருக்குத் தெரிந்தவர் யாரும் இதுவரை கடிபட்டதில்லை. ஒருநாள், "என் அக்கா வீட்டுக்காரர் பாம்பு கடித்துத்தான் இறந்தார்" என்றேன். "ஓ, பாம்பாட்டியா?" என்றார் ஆர்வமாக. "கரும்பு வெட்டுகிறவர்" என்றேன். உடனே அவருக்குச் சுவாரசியம் போய்விட்டது.

நெல்லிக்குப்பத்துப் பக்கம் வெட்டு நடக்கும்போது மாமாவைக் கடித்தது கண்ணாடி விரியன். அதற்கு மனிதர்மேல் பகை ஒன்றுமில்லை, மிதித்தார், கடித்தது. கொன்றது அதற்கப்புறம் கூடிய வாய்கள். "சாரைதாம்பா, ஒண்ணும் ஆவாது" என்றார் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர், பாம்பைப் பார்க்காமலே. வைத்தியர் என்று பெயர் வாங்கியிருந்த ஒருவர் காலை இறுக்கிக் கட்டி, பச்சிலைச் சாற்றை வாயில் ஊற்றி, "விஷம் எறங்கிடுச்சி" என்று அறிவித்தார். ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் வண்டி பிடித்தார்கள். கடலூரில் மருந்து ஏற்றி, சிறுநீரகம் கெட்டதால் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். பிழைக்கவில்லை. சாவு வீட்டில் அதே வைத்தியர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எல்லாம் விதி" என்றார்.

சில வருடம் கழித்து, அதே கரும்புக் கொல்லையில் அக்காவையே விரியன் கடித்தது. வைத்தியர் வெட்கமில்லாமல் மறுபடி இலையோடு வந்தார். "கிட்ட வந்தீன்னா செருப்பு பிஞ்சிடும்" என்று கத்திவிட்டு, அக்கா ஊரிலிருந்த என் தம்பியின் பைக்கில் ஏறி நேராகக் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். பிழைத்தாள். அதற்கு ஊர் சொன்னது: "பொம்பளைக்கு இவ்ளோ திமிரு ஆவாது."

நேற்று அக்கா போனில் பேசினாள். "அங்க பாம்பு ஜாஸ்தியாமே? பாத்து நடடா."

போன முறை நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அத்தப் போட்டுக்கினா வரப்புல காலு நிக்கல. பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

அவள் குரலுக்குப் பின்னால் கரும்புத் தோகை உரசிக்கொண்டிருந்தது. அங்கே வெறுங்காலோடு நிற்கிறாள். நான் இங்கே, ஒட்ட வெட்டிய புல்லில் கனத்த பூட்ஸோடு நின்றுகொண்டு, அவள் அடுத்து கால் வைக்கப்போகிற இடத்தைத் தேடுவதுபோலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.