கித்தேரியா அனுப்பாத தட்டு

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸை நடத்தியது கித்தேரியாதான். பாதிரியார் பூசை வைத்தார், அவ்வளவுதான். தோதோலுக்கு எந்தக் கடை வெல்லம், யார் முதலில் கிண்டுவது, யார் வாயை மூடிக்கொண்டு விறகு தள்ளுவது எல்லாம் அவள் வைத்த சட்டம். அவளுடைய பெரிய செப்புப் பாத்திரத்தில்தான் எங்கள் எல்லோருடைய தோதோலும் வேகும். கருப்பு வெல்லமும் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் திரண்டு, பாத்திரத்தை விட்டு உருண்டு வரும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டும். கிண்டுகிறவளுக்குக் கைவலி, சுற்றி இருக்கிறவர்களுக்கு ஊர்வம்பு.

கித்தேரியாவுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். தேங்காய்ப் பூரணம் வைத்து நாங்கள் பொரிக்கும் நெவ்ரியை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பாள். "ஜொவாகினா, இத யாரு மேலயும் எறிஞ்சிடாத. போலீஸ் கேசாயிடும்." அவள் புருஷன் மார்சல் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நாளெல்லாம் சத்தத்தில் வேலை பார்த்த மனுஷன் என்பதால்தான் அவளோடு குடித்தனம் நடத்த முடிந்தது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இந்த வாய்க்காரியை நாங்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வழக்கப்படி, துக்க வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, வாசலில் நட்சத்திரம் தொங்காது. மற்ற வீடுகள் பலகாரத்தை மாற்றிக்கொள்ளும். பின்னல் துணி போட்டு மூடிய தட்டு ஒன்று போனால், அதே தட்டு அந்த வீட்டுப் பலகாரத்தோடு திரும்பி வர வேண்டும். வெறுந்தட்டாகத் திரும்பலாம் என்றால் அது துக்க வீட்டிலிருந்து மட்டும்தான்.

அந்த வீட்டுக்கு முதல் தட்டைக் கொண்டுபோவது கித்தேரியா. போய் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். "என்னடி வாசல் இது, குப்பமேடு மாதிரி?" என்று திட்டிக்கொண்டே பெருக்கிவிட்டு, அங்கே இருப்பவளை அடுக்கடுக்காகச் சுட்ட பெபிங்கா கேக்கில் ஒரு துண்டாவது தின்ன வைத்துவிட்டுத்தான் திரும்புவாள். என் அப்பா இறந்த வருஷம் என் வாயிலும் அப்படித்தான் திணித்தாள். அதுவரை வராத அழுகை எனக்கு அந்தத் துண்டோடுதான் வந்தது. அதை நான் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் தட்டு அனுப்பாமல் இருந்தாள்.

எதிர் வீட்டு அர்மிந்தாவின் புருஷன் லூசியான் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அக்டோபரில் ஒரு காலை ஆள் கப்பலில் இல்லை. கடலில் விழுந்திருப்பான் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து 'காணவில்லை' என்றுதான் சொன்னான். அந்தச் சொல்லை அர்மிந்தா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துக்க உடை தைத்துத் தருகிறேன் என்று போன ஜொவாகினாவை வாசலிலேயே நிறுத்தினாள்.

"காணோம்னுதான சொன்னாங்க? காணோம்னா தேடணும். கருப்புத் துணியா தைக்கணும்?"

இறந்தவருக்கான பூசையும் வேண்டாம் என்றுவிட்டாள். டிசம்பர் பிறந்ததும் அவள் வீட்டு வாசலில் ஒரு நட்சத்திரம் ஏறியது. உள்ளே பல்பு போட்ட சிவப்புக் காகித நட்சத்திரம். தெருவிலேயே பெரியது அதுதான்.

அந்த வருஷத் தோதோல் கிண்டும்போது வேறு பேச்சே இல்லை.

"புருஷன் கடல்ல கிடக்கான், இவளுக்கு நட்சத்திரம் கேக்குதா?" என்றாள் ஜொவாகினா.

"நீ மொதல்ல அடி பிடிக்காம கிண்டு," என்றாள் கித்தேரியா.

"சரி, தட்டு போகணுமா வேணாமா? அத சொல்லுங்கக்கா," என்று கேட்டேன்.

கித்தேரியா விறகை இழுத்துத் தணலைத் தட்டினாள்.

"நான் தட்டு கொண்டு போறேன்னு வையி. அவ திருப்பிக் குடுக்கணும்ல? தனியா கெடக்கறவ, பலகாரமா சுட்டிருப்பா? வெறுந்தட்டாத்தான் குடுப்பா. வெறுந்தட்டு குடுத்தா என்ன அர்த்தம்? எம்புருஷன் செத்துட்டான்னு அவ கையாலயே சொன்னதா ஆகும். அந்தப் பொண்ண நான் அப்படி சொல்ல வைக்க மாட்டேன். யாரும் போக வேணாம்."

நாங்கள் தலையாட்டினோம். எனக்கு அது பெரிய மனசாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் எங்கள் எல்லோர் மண்டையிலும் தோதோல் கிண்டும் அந்தத் துடுப்பாலேயே ஒன்று போட வேண்டும் போல இருக்கிறது. தெருவைக் கடந்து போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை தட்டுகள் புறப்பட்டன. அர்மிந்தா நல்ல கவுன் போட்டுக்கொண்டு நட்சத்திரத்தின் கீழே நின்றாள். ஒவ்வொரு தட்டாக அவளைத் தாண்டிப் போனது. அவள் தட்டுகளைப் பார்த்தாள், நாங்கள் தரையைப் பார்த்தோம். கித்தேரியா அந்த வாசலைக் கடக்கும்போது மட்டும் நடையை வேகமாக்கினாள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அந்த நட்சத்திரம் எரிந்தது. அதற்குப் பிறகு ஒரு காலை நட்சத்திரம் இல்லை, கதவில் பூட்டு. வாஸ்கோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நவம்பரில் மார்சல் தூக்கத்திலேயே போய்விட்டான். கித்தேரியா அழவில்லை. வந்தவர்களை நாற்காலியை இப்படிப் போடு, அப்படிப் போடு என்று விரட்டிக்கொண்டிருந்தாள். டிசம்பரில் அவள் வாசலில் நட்சத்திரம் இல்லை. எங்கள் தட்டுகள் எல்லாம் அந்த வீட்டுக்குப் போயின. "இதையெல்லாம் தின்னா நானும் மார்சல் பின்னாடியே போயிடுவேன்," என்று முகத்தைச் சுளித்தபடி வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான் அங்கே இருந்தபோதுதான் அர்மிந்தா வந்தாள். வாஸ்கோ பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தட்டு. மேலே வெள்ளைப் பின்னல் துணி. மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கித்தேரியா அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அர்மிந்தா, அன்னிக்கு உன்ன வெறுந்தட்டு குடுக்க வைக்கக் கூடாதுன்னுதான்டி நான் வரல. நானும் போகல, யாரையும் போகவும் விடல."

"வெறுந்தட்டா?" அர்மிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் நெவ்ரி சுட்டு வெச்சிருந்தேன்க்கா. பெரிய டின் நெறைய. எனக்குன்னு ஒண்ணுகூட எடுக்கல. யாரு தட்டு வந்தாலும் நெறைச்சு அனுப்பணும், எம்புருஷன் இருக்கான்னு எல்லாருக்கும் தெரியணும்னு சுட்டேன். ஒரு தட்டு வந்திருந்தா போதும்."

"நீயா மொதல்ல அனுப்பியிருக்கலாமேடி," என்று நான் குறுக்கே புகுந்தேன். என் வாய் எப்போதும் தப்பான நேரத்தில்தான் திறக்கும்.

"அனுப்பி நீங்க வாங்கலன்னா?" என்றாள் அர்மிந்தா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எல்லாம் நமுத்துப் போச்சு. டின்னோட ஆத்துல கொட்டிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

கித்தேரியா எழுந்தாள். கொண்டுவந்த பலகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் இருந்ததெல்லாம் நாங்கள் அனுப்பிய பலகாரம். அவள் கையால் செய்தது ஒன்றுகூட இல்லை.

"வெறுந்தட்டா உங்கிட்ட குடுக்க எனக்குக் கை வரலடி."

"குடுங்கக்கா. உங்க வீட்ல நெசமாவே ஆள் இல்ல." அர்மிந்தா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "என் வீட்லதான் இன்னும் முடிவாகல."

தட்டை நீட்டும்போதுதான் கித்தேரியா அழுதாள். மார்சலின் சவப்பெட்டியை மூடும்போதுகூட அழாதவள். அர்மிந்தா அவளைப் பிடித்து உட்கார வைத்து, தோதோலில் ஒரு துண்டு கிள்ளி வாயில் வைத்தாள்.

அடுத்த டிசம்பரில், துக்க வருஷம் முடிந்த கையோடு, கித்தேரியா தனியாக அடுப்பு மூட்டிப் பலகாரம் செய்து, யாரையும் கூட்டிக்கொள்ளாமல் வாஸ்கோ பஸ் ஏறினாள். திரும்பி வந்தபோது நாங்கள் அவள் வீட்டு முற்றத்தில் செப்புப் பாத்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். பைக்குள்ளிருந்து தட்டை எடுத்துத் துணியை விலக்கினாள். தட்டு நிறைய நெவ்ரி, ஓரம் முறுக்கிப் பொன்னிறமாக. எப்போதும் போல ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். எதற்கும் ஒரு குறை சொல்லவில்லை. வரிசையாக எங்கள் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"தின்னுங்கடி. அந்த வருஷம் நமக்கு வந்திருக்க வேண்டியது."

ஜொவாகினா கிண்டுவதை நிறுத்திவிட்டாள். தோதோல் அடிபிடித்த வாசம் வந்தது. அன்றைக்கு அதற்குக்கூட கித்தேரியா யாரையும் திட்டவில்லை.