தாடை முடியும் கரண்ட் ஊசியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். குடும்பப் பெண் எழுதுகிற விஷயமா என்று பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் தாடையில் கறுகறுவென்று முடி முளைத்தது. கஸ்தூரி மஞ்சள் பூசினால் போகும் என்றார்கள், போகவில்லை. காலில் தைத்த முள்ளை எடுக்கிற முள்வாங்கியால், வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். பிடுங்கிய இடத்திலேயே மறுபடியும் வரும்.

மெட்ராஸில் ஒரு டாக்டரம்மா கரண்ட் ஊசியால் முடியை வேரோடு போக்குகிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்காரரோடு பஸ் ஏறினேன். பெரிய இடத்துக்குப் போகிறோமே, சுத்தமாகப் போக வேண்டாமா? முந்தின நாளே ஒரு முடி விடாமல் பிடுங்கிவிட்டேன். டாக்டரம்மா விளக்கைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். முடி இருந்தால்தானே அதன் ஓரமாக ஊசியை இறக்கி வேருக்குக் கரண்ட் கொடுக்க முடியும்? வளர்த்துக்கொண்டு வா, இனி பிடுங்கவே கூடாது என்று திருப்பி அனுப்பினார்.

அந்த வளர்க்கிற நாட்களில்தான் கொழுந்தனார் கல்யாணம் வந்தது. மூத்த மருமகள் நான். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும். முள்வாங்கியைக் கையில் எடுத்துவிட்டேன். பிடுங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

நலங்கு வைக்க வந்த சுமங்கலிகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வந்த பெரிய நாத்தனார், என்னிடம் வந்ததும் கையை நிறுத்தினார்.

“இன்னாம்மா இது, தாடி வுட்டுக்கினு கீறே? திருப்பதிக்கு வேண்டுதலா?”

பந்தலே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. முந்தானையைத் தேடிப்போன கையை மடியில் வைத்தேன்.

“வேண்டுதல்தான் அண்ணி. முடியிற வரிக்கும் கை வைக்க மாட்டேன். நீங்க பூசுங்க.”

பூசினார். கல்யாணம் முடிகிறவரை என்னைச் சாமியார் என்றே கூப்பிட்டார்.

அந்த வாரமே மெட்ராஸ் போனேன். ஒவ்வொரு ஊசியும் கட்டெறும்பு கடித்த மாதிரி, கூடவே சுள்ளென்று ஒரு சூடு. உதட்டுக்குக் கிட்டே வரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பெருமாளை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்தால் தாடை சிவந்து வீங்கியிருக்கும். பிறகு சின்னச் சின்னதாகப் பொருக்குத் தட்டும். அதைக் கிள்ளக் கூடாது. அது ஆறுகிறவரை முகத்தில் மஞ்சளும் கூடாது என்றார் டாக்டரம்மா. அந்த நாட்களில் தாலிக்கு மட்டும் மஞ்சள் வைத்துக்கொண்டேன், மனசு அடித்துக்கொண்டாலும்.

ஒரு தடவையில் தீருகிற காரியம் இல்லை. தோலுக்கு அடியில் கிடக்கிற முடி பின்னால் எழுந்து வரும். ஒரு வருஷத்துக்கு மேல் போய் வந்தேன். இடையில் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. போனது பெரும்பாலும் போனதுதான். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் மெல்லிசாக வருகிறது. ஒரு சின்ன வடுவும் நின்றுவிட்டது.

இப்படி மறைத்து மறைத்து வாழ்கிற பெண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவளிடம் இதைச் சொல்லுங்கள். வலியே இல்லை என்று சேர்க்காதீர்கள்; அவள் பயந்து ஓடும்படி வலியைப் பெரிதாக்கியும் சொல்லாதீர்கள். நான் பட்டது இவ்வளவுதான். இதை இப்படியே சொல்லுங்கள்.