கட்டிலில் கட்டிய சாவி

சிம்பாங் பூலாயில் உள்ள மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் புதுத் தாதிகளுக்குப் பயிற்சி வகுப்பு. மேட்ரன் சாலா கேட்டார்: "வலிப்பு வந்தா மொதல்ல என்ன செய்வீங்க?"

"கையில சாவி குடுப்போம் மேட்ரன்!" பின்வரிசையில் யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கோப்பெங் தோட்டத்து லயத்து வீட்டில் அவள் தம்பி ரூபன் மல்லாந்து கிடந்து துடித்தபோது, வீட்டிலிருந்த அத்தனை பேரும் இரும்புச் சாவி தேடி ஓடினார்கள். சாவி கிடைத்தது, கையில் திணித்தார்கள். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் தாதியானதே அதனால்தான்.

ஈப்போவில் வேலை பார்த்த மருத்துவமனை மூடிவிட்டது. நாற்பத்தாறு வயதுக்காரியை வேறெவரும் கூப்பிடவில்லை. இங்கே மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால்தான் வேலை நிரந்தரம். வந்த இடத்தில், பழகிய கைவேகத்தையெல்லாம் மறக்க வேண்டியிருந்தது. தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். பேசத் தெரியாத அருண்பிரகாஷ் காதைப் பொத்தினால் அது பிடிவாதமல்ல, எங்கோ வலிக்கிறது. வளர்ந்த பிள்ளையைக் குழந்தைபோல் கொஞ்சக் கூடாது. எல்லாம் கற்றுக்கொண்டாள்.

அருண்பிரகாஷின் அப்பா பழனியப்பன் ஈப்போவில் நகைக்கடை வைத்திருப்பவர். இல்லத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்ததும் அவர்தான். ஞாயிறுதோறும் இடியப்பத்தோடு வருவார். மூன்றாம் மாதக் கடைசியில், அப்படி ஊட்டிக்கொண்டிருந்தபோதே பையனுக்கு வலிப்பு வந்தது. அவர் பதறிப்போய், பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, இறுகிய விரல்களைப் பிரித்துக் கார் சாவியைத் திணித்தார்.

"கைய எடுங்கய்யா!" புஷ்பலதா அவரைத் தள்ளிவிட்டு, பையனை ஒருக்களித்துத் திருப்பினாள். வாயிலிருந்து இடியப்பமும் எச்சிலும் வழிந்தன. அவன் கையிலிருந்த சாவி தரையில் தெறித்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் துடிப்பு அடங்கி, மூச்சு சீரானது.

பழனியப்பன் மகனைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த சாவியைப் பார்த்தார். "எம்புள்ள கையிலருந்து புடுங்கி எறிஞ்சிட்டாளே! இவ இங்க இருந்தா நான் வர மாட்டேன்."

மறுநாள் சாலா அறைக் கதவைச் சாத்தினார். "நீ செஞ்சது சரிதான் புஷ்பா. நாந்தானே சொல்லிக் குடுத்தேன்."

"அப்பறம் என்ன மேட்ரன்?"

"கூரைய யாரு போட்டா? அவர்கிட்ட ஒரு மாஃப் கேட்டுட்டுப் போ லா. வேல நெலைக்கும்."

"திருப்பலன்னா செத்திருப்பான்."

"தெரியும்லா. அத அவர்கிட்ட சொல்லிடாத."

அவள் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். பழனியப்பன் பெரிய மனதோடு மன்னித்தார். போகும்போது ஓர் இரும்புச் சாவியை மஞ்சள் கயிற்றில் கோத்து மகனின் கட்டில் கம்பியில் கட்டிவிட்டுப் போனார். வேலை நிரந்தரமானது.

அடுத்த குழு வந்தபோது வலிப்புப் பாடத்தைச் செய்துகாட்ட அவளையே அனுப்பினார்கள். யாழினி என்ற புதுப்பெண் அருண்பிரகாஷின் கட்டிலில் தொங்கிய சாவியைக் காட்டினாள்.

"அக்கா, கிளாஸ்ல சாவி வேணாம்னாங்க. இது எதுக்குக்கா?"

"அவுங்கப்பாவுக்கு வலிப்பு வந்தா குடுக்க."

யாழினி சிரித்தாள். பிறகு புஷ்பலதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "பையனுக்கு நெசமாவே வலிப்பு வந்து அவுங்கப்பா சாவி கேட்டா என்னக்கா செய்றது?"

"மொதல்ல புள்ளைய ஒருக்களிச்சுத் திருப்பு. மூச்சு வருதான்னு பாரு. அப்பறம் சாவிய அவுத்து அவர் கையிலயே குடுத்துடு. நீ சாவி எடுக்கத்தான் ஓடுனன்னு நெனைச்சுக்கட்டும்."